எதிரொளிப்பான்

எங்கள் கப்பலைக் காந்தம் அறியாது.
கரியிழையும் பிசினும் அடுக்கி வார்த்த உடம்பு,
மடித்த காகிதம்போல எல்லாப் பக்கமும் சாய்வு.
பீரங்கியின் குழலைக்கூட உள்ளே மடக்கிக்கொள்வோம்.
ரேடாரில் ஒரு மீன்பிடிப் படகளவு புள்ளி,
அலை எழுந்தால் அதுவும் இல்லை.
இந்த வகைக் கொர்வெட் மொத்தம் ஐந்து.

ஆனாலும் கார்ல்ஸ்க்ரூனாவை விட்டுக் கிளம்பும்போதெல்லாம்
சிக்ஸ்டன் கம்பத்தில் ஏறி
ஒரு தகர உருளையைக் கட்டிவிட்டு இறங்குவான்.
சரக்குக் கப்பல்கள் எங்கள்மேல் ஏறிவிடக் கூடாதே!
ஒளிந்துகொள்ளக் கொட்டிய கோடிகளை
"இதோ இருக்கிறோம்" என்று சொல்லவைக்க
கடையில் வாங்கிய தகரம்.

பிப்ரவரி. கோட்லாந்துக்குக் கிழக்கே
ரோந்தின் நான்காம் இரவு.
கீழே சேற்றில், மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கேபிள்.
யாரோ யாருக்கோ அனுப்பிய முத்தமும்
வங்கிக் கணக்கும் அதற்குள் ஓடுகின்றன.
அதன்மேல் போகிறோம், திரும்புகிறோம், போகிறோம்,
தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
கூடத்தில் நடக்கிறவர்கள் மாதிரி.

என் வேலை கேட்பது.
ஹெர்ரிங் கூட்டம் காற்றுப் பிரிக்கும் ஓசை
எனக்கு அத்துப்படி. முன்னொரு காலத்தில்
இந்தக் கடற்படை அதை நீர்மூழ்கி என்று துரத்தியதாம்.
பயிற்சியில் சொன்னபோது சிரித்தோம்.
இரண்டு மணி பத்துக்கு வந்தது மீன் இல்லை.
அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டி சுரண்டுகிற மாதிரி,
நிற்காமல்,
கேபிளை நோக்கி.

"நங்கூரம்" என்றேன்.
கேப்டன் ஹில்லெவி காப்பியைக் கீழே வைக்கவில்லை.
பதினாறாம் அலைவரிசையில் மூன்று முறை அழைத்தார்.
எண்ணெய்க் கப்பல் பதில் சொல்லவில்லை.
"எல்லா விளக்கையும் போடு."

அவ்வளவுதான். நாங்கள் இருட்டிலிருந்து பிறந்தோம்.

அந்தக் கப்பலின் தளத்தில் ஒருவன்,
அந்தக் குளிரில் வெறும் பனியனோடு,
கையில் குவளை, வாய் திறந்தபடி.
பிறகு ஓடினான்.
சங்கிலி மேலே ஏறும் சத்தம்
என் காதில் பதினொரு நிமிடம்.
தவறுதலாக விழுந்ததாம், கவனிக்கவில்லையாம்.
அப்படியே குறித்துக்கொண்டோம்.
கேபிளுக்கு இன்னும் அறுநூறு மீட்டர் இருந்தது.

விடிந்ததும் சிக்ஸ்டன்தான் பார்த்தான்:
கம்பத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது,
நுனியில் பனிக்கட்டி.
உருளை எப்போது விழுந்தது, யாருக்கும் தெரியாது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹில்லெவி கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்,
பிறகு என்னை.

சிக்ஸ்டன் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
அடுத்த உருளையோடு
ஏறத் தொடங்கினான்,
வழக்கத்தைவிட மெதுவாக.