பிணக்கனம்

ஓர்த்தா துறைமுகத்தில் ஐந்தரைக்குக் கயிறு அவிழ்த்தோம்.
டீசலுக்கு ஆளுக்கு எண்பது யூரோ.
தினார்த் அறுபதுதான் தந்தான்,
மிச்சத்துக்குப் பாலாடைக்கட்டி ஒரு முழு வட்டம்,
அவன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து.
படகு ஒடீலியாவுடையது. சுக்கானிலும் அவள்தான்.
விவாகரத்தில் வீடு அவனுக்கு, இது எனக்கு என்பாள்,
கேட்காதவர்களிடமும்.

கால்வாய்க்கு அப்பால் பீக்கு மலை
தலையில் மேகத்தைச் சும்மாடு கட்டி
எதையோ தூக்கி வைக்கச் சொல்லி நின்றது.

ஒன்பது மணிவரை ஒன்றுமில்லை.
பதினொன்றுவரையும்.
பொய்மீன்கள் ஐந்து, ரப்பர் பாவாடை படபடக்க,
நுரைக்குள் எங்கள் பின்னால் ஓடி வந்தன.
குவால்த்தர் தான் தவறவிட்ட மீன்களை வரிசையாகச் சொன்னான்.
போன வருடம் சொன்னபோது அவை சற்றுச் சிறியவை.
நான் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
தினமும் பார்க்கிற கடல்தான்,
நடுவில் எப்போதும் ஒரு கண்ணாடி இருக்கும்.

பன்னிரண்டே காலுக்கு
தினார்த் பின்பக்கம் நின்று சிறுநீர் கழிக்கையில்
ரீல் அலறியது.
தன்னைத்தான் திட்டுகிறோம் என்று நினைத்து
"முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்றான்.

அப்போது அது எழுந்தது.

நீலம் என்ற சொல்லை அதுவரை நான்
கதவுகளுக்கும் சட்டைகளுக்கும் செலவழித்திருந்தேன்.

மூன்று முறை எழுந்தது மார்லின்.
மூன்றாம் முறை பக்கவாட்டில் விழுந்தது.
நரம்பு வாலில் சுற்றியிருக்க வேண்டும்,
அது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.
தலைகீழாக இறங்கியது, அறுநூறு மீட்டர்.

விட்டுவிடுவது என்றுதான் காலையில் பேச்சு.
பக்கத்தில் கொண்டு வா, ஒரு படம் எடு,
கொக்கியைக் கழற்று, போகட்டும்.
நாற்காலியில் வாரோடு கட்டுண்டு குவால்த்தர்.
இழுபறியில் இழுப்பு அவனுடையது,
பறிப்பு அதனுடையது.
ஒன்றரை மணி நேரம் கழித்துப் பறிப்பு நின்றது.

"களைச்சுப் படுத்திருக்கு" என்றான் தினார்த்.
ஒடீலியா எஞ்சினைத் தணித்துவிட்டு வந்து
நரம்பை இரு விரலால் தொட்டாள்,
நாடி பார்ப்பதுபோல், வெகுநேரம்.
"செத்துப்போச்சு."

அறுத்துவிடலாம் என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கொன்னதை அடியில போட்டுட்டுப் போறதா
என்று குவால்த்தர் கேட்டான்,
கடலைப் பார்த்துத்தான் கேட்டான்.

அதன்பிறகு மீன்பிடிப்பு இல்லை, சுமைவேலை.
அலை ஏற்றினால் ஒரு சுற்று.
அலை இறக்கினால் அரைச் சுற்று கையைவிட்டுப் போகும்.
குவால்த்தர் எழுந்தான், தினார்த் உட்கார்ந்தான்,
தினார்த் எழுந்தான், நான்.
விதிப்படி கோல் கைமாறக் கூடாதாம்.
விதி யாருக்கு இனி.
உயிரோடு இருந்தவரை அது இழுத்தது,
கனக்கவில்லை.
என் உள்ளங்கைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான்கே முக்காலுக்கு வால் முதலில் வந்தது.
நனைந்த தகரத்தின் நிறம்.
தினார்த் தொப்பியைக் கழற்றினான்,
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

துறையில் எடை: இருநூற்று முப்பத்தெட்டு.
யாரோ ஒரு சுற்றுலாக்காரர் கைதட்டினார்,
தனியாகத் தட்டுவது உறைத்ததும் நிறுத்தினார்.
ஒடீலியா முழங்கை வரை ரத்தத்தோடு
முதியோர் இல்லத்துக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு,
கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தாள்.
என் பங்கு ஐந்து கிலோ.
கைபேசியை யாரும் வெளியே எடுத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை விரல் மடங்கவில்லை.
டிக்கெட்டைக் கிழித்துத் தரச் சொல்லிப்
பயணிகளிடமே நீட்டினேன்.

புதனன்று ஒடீலியா கூப்பிட்டாள்.
ஐஸ் பெட்டியில் பாலாடைக்கட்டி அப்படியே முழுசாக,
கத்திகூடப் படவில்லை, என்றாள்.
சற்று நிறுத்தி,
ஞாயிறு காற்று இருக்காதாம், வருகிறாயா என்றாள்.

வருகிறேன் என்றேன்.
உடனே சொல்லவில்லை.