பன்னிரண்டாம் அட்டை

டூயிஸ்பர்க் மழலையர் பள்ளியின் பின்னறை.
ஹீட்டர் எட்டரைக்கே முனகத் தொடங்கிவிட்டது.
கதவோரம் ரப்பர் பூட்ஸ் வரிசை,
ஒன்று மட்டும் ஜன்னலடியில் தனியாக.

எதிரே இல்காஸ்.
ஐந்து வயது, இரண்டு மாதம்.
வீட்டில் துருக்கி, வெளியே ஜெர்மன்,
தங்கையோடு சண்டைக்கு இரண்டும்.

நான்காம் அட்டைக்கு ஜெர்மனில் 'நாய்' என்றான்.
துருக்கியில்? என்றேன்.
யோசித்துவிட்டுச் சொன்னான்:
அதே நாய்தான்.

பன்னிரண்டாம் அட்டையில்
உடைந்த ஜாடி, ஓடும் தண்ணீர்,
ஆள் யாருமில்லை.
என்ன ஆயிற்று இங்கே?

அவன் அம்மாவின் மொழியில்
வினைச்சொல்லுக்கு வால் உண்டு, வாலுக்கு நாணயம் உண்டு.
'தி' என்று முடித்தால் என் கண்ணால் கண்டேன்.
'மிஷ்' என்று முடித்தால்
உடைந்ததாம், உடைந்திருக்கிறது,
ஊர் சொன்னது, ஈரம் சொன்னது, எனக்கென்ன தெரியும்.

போன மாதம் எஸ்கிஷெஹிரில்
ஒரே மொழிக்காரி யோன்ஜா, நாலு வயது,
எள் ரொட்டியை மென்றபடி
கிரில்மிஷ் என்றாள்,
மாடிப்படியில் வம்பளக்கும் குரலில்.
நான் ஒன்று போட்டேன்.

இல்காஸ் சொன்னது கிரில்தி.
பார்த்தாயா நீ?
பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்,
என்று ஜாடியின் மேல் விரலை வைத்தான்.
விரலுக்குக் கட்டம் இல்லை என் தாளில்.
சுழியம் போட்டேன்.
உறைக்குள் வைத்து எச்சில் தொட்டு ஒட்டினேன்.

பன்னிரண்டரைக்கு ஃபெரிதே வந்தாள்,
கிடங்கு வேலையின் மஞ்சள் சட்டை மாற்றாமலே.
எப்படிச் செய்தான் என்று கேட்கவில்லை.
கொஞ்சம் கவனம் போதாது இப்போது, என்றாள்,
இவன் அப்பா ப்ரேமனுக்குப் போயிருக்கிறாராம்,
வேலை விஷயமாம்.
கித்மிஷ்.
தன் வீட்டுச் செய்தியை
அடுத்த வீட்டிலிருந்து கேட்டு வந்தவள் போல.

குனிந்து ஒற்றை பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தவன்
திரும்பாமலே சொன்னான்:
கித்தி.

ஜிப்பில் நின்றது அவள் கை.

நீலப் பை, என்றான், இப்போது ஜெர்மனில்.
லிஃப்ட் வேலை செய்யல. படியில இறங்கினார்.
நான் எண்ணினேன், நாற்பத்திரண்டு படி.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஹீட்டர் மட்டும்.
அவன் நொண்டியடித்துப் போய்
ஜன்னலடி பூட்ஸை எடுத்தான்,
கால் விட்டான், முகம் சுளித்தான்,
உருவிய காலுறையைப் பிழிந்து பார்த்தான்.
ராத்திரி மழையா, திறந்த ஜன்னலா,
அவன் பார்த்திருக்க முடியாது.

இஸ்லன்மிஷ், என்றான்.
நனைந்திருக்கிறது.

உறையின் ஓரம்
இன்னும் காயவில்லை.