நீராவிப் பெட்டி

தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் எழுநூறு பேரோடு
தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்.
துரைமாருக்கு வேறு வாசல், வேறு மேசை,
ஐஸ் போட்ட சோடாகூட உண்டு.
இவரிடம் மூன்றாம் வகுப்புச் சீட்டு.
காகிதத்தில் நாடு என்ற இடத்தில்
இல்லை என்றே அச்சடித்திருந்தது.

வெரெஸ்கின், ஆர்செனி பாவ்லோவிச்.
வயது நாற்பத்தொன்பது. தொழில்?
பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.
தச்சு என்று எழுதிக்கொண்டேன்.

மண்டபம் முகாமில் என் உத்தியோகம்
மூட்டை முடிச்சுகளை நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவது.
பாய், போர்வை, பிள்ளைத் துணி,
பழனியாண்டவர் படம் ஒட்டிய தகரப் பெட்டி.
பேனோடு வந்தது பேனில்லாமல் போகும்.
அவருடைய தோல்பையைத் திறந்து பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் தள்ளியிருப்பேன்.
காகிதத்துக்கு விலக்கு என்று உத்தரவில் இல்லை.

வெளியே எடுத்தபோது
இருநூறு தாளிலும் மை கரைந்து ஊதாக் கஞ்சி.
அச்சடித்த கோடுகள் மட்டும், ஐந்தைந்தாக,
மீன் தப்பிய வலைபோல் கிடந்தன.
அவர் கத்தவில்லை.
ஒரு தாளை முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.
மேசை கிடைக்குமா என்றார்.

காலராக் கெடு ஆறு நாள்.
கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்து உடைமர நிழலில்
என் ரிஜிஸ்தர் மேசையைப் போட்டுக் கொடுத்தேன்.
கறுப்பு மை தீர்ந்துவிட்டது, சிவப்புதான் இருந்தது.
தட்டுவார். எழுதுவார். தலையாட்டி மறுபடி தட்டுவார்.
"யாருக்குய்யா இத்தனை தந்தி?"
முதுகுளத்தூர் வேலம்மாள் கேட்டாள்.

வோல்கா கரையில் தானியக் கிடங்கு வைத்திருந்த தகப்பன்
இடது கையில், கனமாக.
பீட்டர்ஸ்பர்க்கில் தங்க மெடல் வாங்கிய இருபது வயது
மேசையின் வலது ஓரம்வரை ஓடித் திரும்பியது.
ஒடெசாவில் கப்பலேறிய இரவுக்கு
பலகையை நகத்தால் சுரண்டினார்.
ஷாங்காயில் ஏழு வருஷம் ஊமைப் படத்துக்கு வாசிப்பு:
குதிரை ஓடினால் ஓடணும், முத்தம் வந்தால் நிற்கணும்.
படம் பேசத் தொடங்கியதும் சோறு போயிற்று.
அரைகுறை இங்கிலீஷில் அவர் சொன்னார்,
அரைகுறை இங்கிலீஷில் நான் கேட்டேன்,
மிச்சம் நானே போட்டுக்கொண்டது.

ஐந்தாம் ராத்திரி ஒரு பக்கம் மட்டும் வர மறுத்தது.
கச்சான் ஓய்ந்திருந்தது.
பாம்பன் பாலத்தில் போட் மெயில் ஊர்ந்த சத்தம்
இரும்பிரும்பாக வந்து போனது.
அதைப் போடுங்களேன் என்றேன்.
சிரித்தார்.
பதினொரு கட்டம் கோடிழுத்து
உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டார்.
இது எதற்கு?
நீராவிப் பெட்டியைக் கையால் காட்டினார்.

ஆறாம் நாள் முத்திரை குத்தினேன். கப்பலேறினார்.

இரண்டு மாதம் கழித்து
தலைமன்னாரிலிருந்து வந்த பிஸ்கட் பொட்டலத்தில்
கொழும்புப் பத்திரிகை ஒன்று, எண்ணெய்க் கறையோடு.
ருஷ்யர் ஒருவர் டவுன் ஹாலில் வாசித்தாராம்.
இரண்டாம் பாகத்தின் நடுவில் கையைத் தூக்கியவர்
வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.
வயதின் ஞாபகப் பிசகு, மன்னிக்கலாம்,
என்று எழுதியிருந்தது.

எழுதியவனுக்கு ஒரு கார்டு போட நினைத்தேன்.
விலாசம் இருந்தது, காசும் இருந்தது.
என்ன உத்தியோகம் என்று கேட்பான்.

பியானோவை நான் இதுவரை பார்த்ததில்லை.
பெட்டியின் மூடியைச் சாத்தி ஆவி ஏறும்வரை
பதினொன்று எண்ணுகிறேன், அவ்வளவுதான்.
அதற்கு முன்னால் பைகளைத் திறந்து பார்க்கிறேன்.
பெரும்பாலும் துணிதான்.