தெளிவட்டம்

காலை ஐந்தே முக்காலுக்கு இன்குபேட்டரைத் திறந்தால்
திராட்சை மணம்.
பழம் ஒன்றுமில்லை.
யாருடைய காயத்திலிருந்தோ வந்த சூடோமோனாஸ்
இரவெல்லாம் நீலப்பச்சைச் சாயம் கசியவிட்டு
பக்கத்துக் குடியை வாடவைத்திருக்கிறது.
முதல் வருடம் எனக்கு இந்த மணம் பிடித்திருந்தது.
சொல்லக் கூசுகிறது.

அடுத்த தட்டில் புரோட்டியஸ், இரண்டு புள்ளி.
அடுத்தடுத்த கட்டில்காரர்கள்;
ஒரே கிருமிதானா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.
அலை அலையாய்ப் பரவி வந்தவை
நேருக்கு நேர் கண்டதும் நின்றுவிட்டன.
நடுவே மயிரிழை போல் ஒரு வரப்பு.
திருவலத்தில் என் சித்தப்பாக்கள் இருவர்
சர்வேயரை வைத்தும் போட முடியாத கோடு.
வேறு வேறு என்று குறித்துக்கொண்டேன்.

தனியாக இருக்கையில் கிருமி சாது.
ஒரே ஒரு சொல்லை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.
பக்கத்தில் இருப்பதும் அதே சொல்.
சொல் அடர்ந்து தன் மேலேயே வந்து ஒட்டும்போது
தெரிந்துகொள்கிறது, ஆள் சேர்ந்துவிட்டது.
நஞ்சு அதற்கு அப்புறம்தான்.
படிக்கும்போது எனக்கு இது விளங்கவில்லை.
காகிதப்பட்டறையில் விளங்கியது.
பன்னிரண்டு நாள் தண்ணீர் வரவில்லை.
ரோட்டில் ஒரு குடம் நின்றால் அது குடம்.
நாலு நின்றால் வம்பு.
நாற்பதைத் தாண்டியதும், யாரும் சொல்லாமலே,
ஆற்காடு பஸ் நின்றது.

ஏழாவது தட்டு.
எத்திராஜுலு, ஐம்பத்திரண்டு, ராணிப்பேட்டை.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை.
முழங்காலுக்குக் கீழே புண்.
நேற்று மருந்து வில்லைகள் பன்னிரண்டும் வைத்தேன்.
ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு தெளிவட்டம் விழவேண்டும்;
ஸ்கேல் வைத்து அதை அளப்பதுதான் என் பிழைப்பு.
ஸ்கேலை எடுத்தேன்.
அளக்க இடமில்லை.
பந்தியில் இலையை ஒட்டி உட்கார்வதுபோல
வில்லையின் விளிம்பு வரை வந்து
உட்கார்ந்திருந்தது கிளெப்சியெல்லா.

இத்தனையும் தானே கற்றிருக்காது.
யாரோ கொடுத்திருப்பார்கள்.
குரோமியம் ஓடும் கால்வாயில்
உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று
மெல்லிய குழாய் நீட்டி ஒரு வளையம் தந்திருக்கும்.
குரோமியத்தைத் தாங்கும் வித்தை அதில் ஒருபுறம்.
கூடவே ஒட்டிக்கொண்டு, கேளாமலே,
மருந்தை ஏய்க்கும் வித்தை.
கொடுத்தவனுக்கும் குறைவில்லை, நகலெடுத்துத்தான் தருவான்.
என்ன இனம், என்ன குலம் என்று கேட்பதில்லை.
பாராட்டத்தான் தோன்றும்,
எத்திராஜுலுவின் காலைப் பார்க்காதவரை.

அல்லது கால்வாயே இல்லை.
ஆஸ்பத்திரியின் குழாயடியில். என் மேஜையில்.
தோட்டப்பாளையம் லாட்ஜில்:
அங்கே மால்டாக்காரியும் சித்தூர்க்காரரும்
ஒரே ஸ்டவ்வில் சமைத்து
எந்தக் கவுன்டரில் வரிசை குறைவு,
எந்தக் கடையில் கடுகெண்ணெய்,
எந்த டாக்டர் சிரிப்பார், எல்லாம் மாற்றிக்கொள்கிறார்கள்,
பாதி இந்தியில், மீதி கையால்.
நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ரிப்போர்ட்டில் பன்னிரண்டு முறை ‘ஆர்’ அடித்தேன்.
‘கொடுத்தவர்’ என்று அதில் ஒரு கட்டம் கிடையாது.
வார்டுக்குப் போன் செய்தேன்.
“ஒண்ணுமே கேக்கலியா அக்கா?”
“கோலிஸ்டின் தனியா போட்டிருக்கேன். நாளைக்குச் சொல்றேன்.”
மறுமுனையில் யாரோ டிரே ஒன்றை வைக்கும் சத்தம்.

வீடு திரும்பினால் தெருவில் தண்ணீர் வந்திருந்தது.
என் குழாயில் காற்று மட்டும்.
சுவருக்கு மேலே ஷம்ஷாத் தன் ட்யூபை வீசினாள்.
“புடிங்க, எங்களுக்கு ரொம்பிடுச்சு.”
ஆரஞ்சு ட்யூப். சொட்டும் நுனி.
பிடித்துக்கொண்டு நின்றேன்.
கிளம்புமுன் கை கழுவினேனா?
கழுவினேன், இரண்டு முறை.
மூன்றாம் முறை
அவள் தண்ணீரில் கழுவினேன்.