நைவாஷாவிலிருந்து திரும்பிய வாரம்

சாமநத்தம் கண்மாய்க் கரையில்
வண்டியை நிறுத்தும்போதே கேட்டுவிட்டார் சோணைமுத்து:
"ஆப்பிரிக்காவுல என்னத்தப் பாத்தீக?"

சொன்னேன்.
கொக்குக் காலில் கழுகை ஏற்றி வைத்தாற்போல் ஒன்று,
பாம்பை மிதித்தே கொல்லும்.
நெஞ்சில் ஊதா பூசிய பனங்காடை,
ஜீப் நின்ற பின்னும் முள்மரத்தை விட்டுப் பறக்காமல்.
கூட்டுறவு வங்கிக் கடனில்
இன்னும் முப்பத்தொரு தவணை இருப்பதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்
எல்லோரும் சிங்கத்துக்கு அவசரப்பட,
"நிறுத்துங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.
ஏரியோரச் சேற்றில்
சிவப்புக் குச்சிகள் மேல் ஒரு நெடுங்கால் உள்ளான்.
தனியாக.
ஓட்டுநர் பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வண்டியை எடுத்தார்.
கண் துடைத்தது தூசிக்கென்று நினைத்திருப்பார்கள்.

இதோ, இங்கே நாற்பது ஐம்பது.
அவனியாபுரத்துச் சாக்கடை நுரையில்
அதே காலை அதே மாதிரி மடக்கி மடக்கி.
கைநீட்டிக் காட்டினேன்: "இதையும்தான்."

"இதுக்கா அம்புட்டுத் தூரம்?"
வலையை உதறினார்.
ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளி என் செருப்பில் விழுந்தது.
"அங்கிட்டு மீனு கிலோ என்ன வெல?"

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு பறவைகள்.
அது மட்டும் இல்லை.