பெயர்ச்சைகை

திருநர் உதவி மையம், உடனே அழையுங்கள் என்று
டண்டீ நகரப் பேருந்துகளின் முதுகில் ஓர் எண்.
காது கேளாதவள் எதைக் கொண்டு அழைப்பேன்?
பதினோரு மாதம் கடிதம் எழுதினேன்.
ஒருவழியாய் வரவழைத்தார்கள்
சைகை மொழிபெயர்ப்பாளரை.

கதவைத் திறந்தால் மோராக்,
என் பள்ளி விடுதிக் காப்பாளரின் மகள்.
எங்கள் உலகம் ஒரு தீப்பெட்டி.

எங்கள் மொழியில் அவனும் இல்லை, அவளும் இல்லை;
எல்லோருக்கும் ஒரே சுட்டுவிரல்.
குத்துவது பெயர்தான்.
பன்னிரண்டு வயதில் பையன்கள் எனக்கு வைத்தது:
தாடையை இரண்டு விரலால் சொறிவது.
அப்போதுதான் அரும்பிய பூனைமயிர்.

பழக்கத்தில் அவள் கை தாடைக்கு ஏறியது,
பாதியில் நின்றது.
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
இப்போது என்ன?

காட்டினேன்.
இடது உள்ளங்கை ஆறு,
வலது கை அதில் பாயும் மீன்கொத்தி.

கட்டைவிரல் துருத்தத் தப்பாகச் செய்தாள்.
திருத்தினேன். மறுபடி தப்பு.
ஆலோசகரும் பேனாவை வைத்துவிட்டு
முயன்றார். வாத்து விழுந்தது.

ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம்
பெயருக்கே போயிற்று.
மீதியில் அழுதேன்.
நான் கண்ணைத் துடைத்து நிமிரும்வரை
இருவரும்
கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள்.