நாற்பது பிரதிகள்

குஞ்சப்பனையில் மண் சரிந்து
ஒன்பது மணி நேரம்
பஸ் கூரையில் நனைந்த பார்சல்
கோத்தகிரியில் இறக்கும்போது
முழுதாகக் கைக்கு வரவில்லை.
அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் மேலேயே தங்கிவிட்டது.

தங்கேஸ்வரியின் முதல் புத்தகம்.
நாளை மாலை நான்கு மணிக்கு
கூட்டுறவு பண்டகசாலை மாடியில் வெளியீடு.
வடைக்குச் சொல்லியாயிற்று,
மைக்குக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
ஒன்றை எடுத்து உதறினாள்.
"ஈரக் கொழுந்தையே காலமெல்லாம் சுமந்தவ நான்,
இது என்ன கனம்" என்றாள்.

ஜோகிதான் என்னைப் பார்த்தார்.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை,
போன தையில் அவர் தொகுப்பு
இரண்டாம் பதிப்பு கண்டது.
"உன் ஃபாக்டரி எதுக்கு இருக்கு?"

இரவு ஷிப்டு என்னுடையது.
மழையால் வரத்துக் குறைவு,
இலை வாட்டும் தொட்டிகளில் மூன்றாவது காலி.
சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து
"இது என்ன ரகம்?" என்றார்.
கவிதை என்றோம்.
கொஞ்சம் யோசித்து
விசிறியின் வேகத்தை அவரே குறைத்துவிட்டுப் போனார்.

வலைமேல் நாற்பதையும் பரப்பினோம்,
கொழுந்து போடுவதுபோல், நெருக்காமல்.
கீழிருந்து வெதுவெதுப்பாய்க் காற்று.
ஒட்டியிருந்த பக்கங்கள்
ஒவ்வொன்றாய் விட்டுக்கொடுத்து எழுந்தன.
நாற்பது பேர் ஒரே நேரத்தில்
அவளைப் படிப்பதுபோல் இருந்தது.
காற்றுதான். தெரியும்.
ஆனாலும் அவள்
சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

எனக்குப் பொறாமை இல்லை என்று
ஜீப்பில் வரும்போது சொன்னேன்.
தொட்டியருகே இன்னொரு முறை சொன்னேன்.
மூன்றாம் முறை
ஜோகி தோளில் கை போட்டார்.
"இருந்தா என்னப்பா,
அதையும் நாளைக்குக் கூட்டிட்டு வா,
நாற்காலி நிறைய இருக்கு."

என்னுடையது இன்னும்
இரண்டு நோட்டும்
கரண்டு பில்களின் பின்புறமும்.
நகல் சென்னைக்குப் போய் ஒன்றரை வருடம்.
பதிப்பகத்துக்குப் போன் போட்டால்
"பார்த்துக்கிட்டிருக்கோம் சார்."
எதைப் பார்க்கிறார்களோ.

மூன்று மணிக்கு
இருவரும் சாக்குக் கட்டின்மேல் தூங்கியபின்
முதலில் நான் தேடியது என் பெயரை.
நன்றிப் பக்கத்தில் இருந்தது,
போஜன், போசனாகி.
பிறகுதான் கவிதைக்குப் போனேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம்:
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார் எடைக்காரர்,
மழையின் ஈரமா என் ஈரமா என்று
அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னவன் நான்.
ஒரு ஞாயிறு முழுக்க,
வர்க்கியும் டீயுமாய் வாதாடியிருக்கிறேன்.
நல்லவேளை, அவள்
தலையாட்டிவிட்டுக் கேட்காமல் இருந்துவிட்டாள்.

மறுநாள் எந்தப் புத்தகமும் சரியாக மூடவில்லை.
உப்பிப்போய், டீத்தூள் வாசனையோடு
மேசையில் வாய் திறந்து கிடந்தன.
அவள் டிவிஷன் பெண்கள்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
நூற்றிருபது ரூபாயை எண்ணி எண்ணி வைத்தார்கள்.
முப்பத்தெட்டு போயிற்று.

நானும் வரிசையில் நின்று
முழு விலை கொடுத்தேன்.
பேனாவைத் திறந்தவள்
அப்போதுதான் நன்றிப் பக்கத்தைக் கவனித்து
நாக்கைக் கடித்தாள்.
"உங்க பேரை எப்படிங்க எழுதணும்?"

அச்சில் இருப்பதுபோலவே போடு என்றேன்.